பொறுப்பு கோச்

சென்னையின் எஃப்.சி. அணிக்கு யார் கோச்சாக வர வேண்டும் என்கிற சண்டை நாகேஸ்வரராவ் பார்க் பெஞ்சு வரைக்கும் வந்துவிட்டது. மயிலாப்பூரில் காலை வாக்கிங் என்றால் கிரிக்கெட், கச்சேரி, சர்க்கரை அளவு, இவ்வளவுதான் பேச்சு. ஃபுட்பால் வடசென்னை சமாசாரம் என்று ஒதுக்கிவிடுவோம். பேரன்கள் நீல ஜெர்சி போட ஆரம்பித்த பிறகு தாத்தாக்களுக்கும் அபிப்பிராயம் முளைத்துவிட்டது. 2025-இல் ஓவன் கோயல் போய், கோவாக்காரரான கிளிஃபோர்ட் மிராண்டா தலைமைப் பயிற்சியாளராக வந்ததிலிருந்து ஒரே முணுமுணுப்பு. "பெரிய பேரா ஒருத்தரும் கிடைக்கலையா சார்? கையில காசில்லை போலிருக்கு, அதான் நம்ம நாட்டு ஆளைப் போட்டுட்டான்."

இந்தப் பேச்சுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

2014-இல் அணி ஆரம்பித்தபோது வந்தவர் இத்தாலியின் மார்கோ மாடெராஸி. 2006 உலகக் கோப்பை இறுதிப் போட்டியில் ஜிதான் தலையால் மார்பில் முட்டிக் கீழே தள்ளினாரே, அதே மனிதர். பிரெஞ்சு மீடியத்தில் படித்தவன் நான். அவருக்குக் கைதட்ட மனசு வரவில்லை. 2015 டிசம்பரில் கோவாவுக்கே போய் அந்த ஊர் அணியை 3-2 என்று ஜெயித்துக் கோப்பையோடு வந்தார், மன்னித்துவிட்டேன். அடுத்து வந்த இங்கிலாந்துக்காரர் ஜான் கிரிகரி, 2018 மார்ச்சில் பெங்களூருவை அவர்கள் ஊரிலேயே 3-2 என்று தோற்கடித்து இரண்டாவது கோப்பை வாங்கித் தந்தார். அடுத்த சீசனில் அதே கிரிகரியின் அணிக்குக் கடைசி இடம்! பெயரைப் பார்த்துப் பரவசப்படுகிறவர்கள் இதை மட்டும் சௌகரியமாக மறந்துவிடுகிறார்கள். அப்புறம் ஸ்காட்லாந்தின் கோயல் வந்து, தேறாது என்று எழுதிவைத்த அணியை 2020 இறுதிப் போட்டிவரை கொண்டுபோனார். பிறகு லாஸ்லோ, பாந்தோவிச், பிர்தாரிச், திரும்பவும் கோயல்.

இந்த வரிசையில் ஒரு பெயரை விட்டுவிட்டேன். எல்லோரும் விடுகிற பெயர்தான். சையது சபீர் பாஷா.

நம்ம சென்னைக்காரர். இந்தியன் பாங்க் அணிக்கும் இந்தியாவுக்கும் ஆடியவர். சென்னையின் அணியில் துணைப் பயிற்சியாளராக இருந்தார். 2022 பிப்ரவரியில் பாந்தோவிச்சை நடுவழியில் அனுப்பியபோது மிச்சமிருந்த ஆட்டங்களுக்கு இவரைப் பொறுப்பில் வைத்தார்கள். கொரோனா காலம். எல்லா ஆட்டமும் கோவாவில், ஆளில்லாத மைதானத்தில். ஆக, தலைமை என்று உட்கார்ந்த அந்தச் சில நாட்களில்கூட நேரு ஸ்டேடியத்தில் சொந்த ஊர் ஜனங்கள் முன்னால் நிற்க அவருக்கு வாய்க்கவில்லை. சீசன் முடிந்தது, ஜெர்மனியிலிருந்து பிர்தாரிச் வந்தார்.

அரசாங்க ஆபீசில் வேலை பார்த்தவர்களுக்கு இது விளக்கவே வேண்டாம். 'முழுக் கூடுதல் பொறுப்பு' என்று ஒரு ஏற்பாடு உண்டல்லவா? நான் இருந்த ஒரு பிரிவில் கண்காணிப்பாளர் இடம் காலியானபோது, மூத்த உதவியாளர் ஒருவர் ஒரு வருஷத்துக்கு மேல் அந்த நாற்காலியின் வேலையெல்லாம் பார்த்தார். கோப்பு தேங்கவில்லை, ஆடிட்டில் ஒரு குறிப்பு இல்லை. ஒரு நாள் வேறு ஊரிலிருந்து ஒருவர் ஆணையோடு வந்து இறங்கினார். இவர் எழுந்து பழைய மேஜைக்குப் போய், புதியவருக்கு வேலை கற்றுக்கொடுத்தார். அந்த முகம் இன்னும் எனக்கு ஞாபகம் இருக்கிறது.

மிராண்டாவுக்கும் இதேதான் நடந்தது. 2023-இல் ஒடிசா அணியில் ஸ்பெயின்காரர் விலகியதும் இவருக்கு இடைக்காலப் பொறுப்பு. அந்த ஏப்ரலிலேயே சூப்பர் கோப்பையை வாங்கிக்கொடுத்தார். ஒடிசாவுக்கு அதுதான் முதல் கோப்பை. பரிசு? அடுத்த சீசனுக்கு இன்னொரு ஸ்பெயின்காரர். காலித் ஜமீல் 2017-இல் சின்னஞ்சிறு ஐஸ்வால் அணியை ஐ-லீக் சாம்பியன் ஆக்கியவர். அவருக்கே வடகிழக்கு அணியில் முதலில் கிடைத்தது பொறுப்புதான். 2021 அக்டோபரில் நிரந்தரமாக்கினார்கள். ஐ.எஸ்.எல். தொடங்கி ஏழு வருஷம் கழித்து ஓர் இந்தியருக்கு நிரந்தர ஆணை! 2025 ஆகஸ்டில் அவரே இந்திய அணிக்கும் கோச் ஆனார். சிங்கப்பூரிடம் தோற்று ஆசியக் கோப்பை வாய்ப்பு போனதும், "பார்த்தீங்களா, அதான் வெளிநாட்டு ஆள் வேணும்கிறது" என்றார் பெஞ்சு நண்பர். வெளிநாட்டு ஆட்கள் இருந்தபோது நாம் உலகக் கோப்பையா ஆடிக்கொண்டிருந்தோம்? 1962 ஜகார்த்தா தங்கத்தை வாங்கித் தந்த ரஹீம் சாகிப் ஹைதராபாத்தில் வாத்தியாராக இருந்தவர்.

பிரெஞ்சுக்காரர்கள் பொறுப்புக்கு 'ஏந்தெரிம்' என்பார்கள். 1993 நவம்பரில் பல்கேரியாவிடம் கடைசி நிமிஷத்தில் தோற்று உலகக் கோப்பைக்கே போகமுடியாமல் நின்றது பிரான்ஸ். கோச் உல்லியே விலகினார். துணையாக இருந்த எமே ஜாக்கே, இளமையில் தொழிற்சாலையில் வேலை பார்த்தவர், ஏந்தெரிமாக உட்கார்ந்தார். பிறகு நிரந்தரமாக்கினார்கள். 'லெகிப்' பத்திரிகை அவரைக் கிழிகிழி என்று கிழித்தது. ஆனாலும் அவரை மாற்றவில்லை. 1998-இல் கோப்பை பாரிஸிலேயே தங்கியது. ஜாக்கே அந்தப் பத்திரிகையை மன்னிக்கவேயில்லை, அது வேறு கதை.

வெளிநாட்டவர் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. இரண்டு கோப்பையும் அவர்கள் வாங்கித் தந்ததுதானே. ஆனால் 2018 இறுதிப் போட்டியில் நம் நடுக்களத்தில் ஆடிய தன்பால் கணேஷ் வியாசர்பாடிப் பையன். அந்தத் தெருக்களில் இன்னும் எத்தனை பையன்கள் இருக்கிறார்கள் என்று ஒரு சீசனுக்கு வந்துபோகிறவர் எப்போது போய்ப் பார்ப்பார்?

மிராண்டாவுக்குப் பிறகு இடம் காலியாகும்போது தமிழ்நாட்டுப் பயிற்சியாளர் ஒருவருக்கு ஆணை கொடுக்கட்டும், 'பொறுப்பு' என்கிற சொல் இல்லாத ஆணை. "தோத்தா என்ன சார் பண்ணுவீங்க?" என்று நண்பர் கேட்டார். கடைசி இடம் வந்த கிரிகரிக்கு அடுத்த சீசனும் கொடுத்தார்களே, அதையே இவருக்கும் கொடுக்கட்டும் என்றேன்.