கால்வாய் வெட்ட மட்டுமா மாவட்ட மன்றம்?

சிலிம் ரிவரில் யாரிடம் பேச்சுக் கொடுத்தாலும் இது தவறாமல் வந்து விழும்: "கவுன்சிலுக்குக் கால்வாய் வெட்டவும் குப்பை அள்ளவும்தான் தெரியும். நம்ம இந்தியருங்க தலையெழுத்தெல்லாம் புத்ராஜெயாவுல எழுதுறது." தோட்டத்தில் உழைத்து ஓய்ந்த பெரியவர்கள் சொல்கிறார்கள். பட்டம் பெற்ற பிள்ளைகள் சொல்கிறார்கள். மேடையேறும் கட்சிக்காரர்களும் சொல்கிறார்கள். இது தவறான நம்பிக்கை. நம் ஏழ்மைக்கு இத்தனை காலமும் காவல் நின்ற நம்பிக்கை.

மாவட்ட மன்றம் அன்றாடம் என்ன செய்கிறது? அங்காடிக் கடைக்கு லைசென்ஸ் கொடுக்கிறது. இரவுச் சந்தையில் யாருக்கு எந்த இடம் என்று பிரிக்கிறது. வீட்டு வரியை நிர்ணயிக்கிறது. எந்தத் தெருவுக்கு முதலில் விளக்கு, எந்தத் தாமானுக்குத் திடல் என்று முடிவெடுக்கிறது. 1976-ஆம் ஆண்டு ஊராட்சி மன்றச் சட்டத்தின் 107-ஆவது பிரிவைப் படித்துப் பாருங்கள்: கொடுத்த லைசென்ஸைக் காரணம் சொல்லாமலே ரத்து செய்யும் அதிகாரம் மன்றத்துக்கு உண்டு. தோட்டம் கைமாறி வேலையிழந்த ஒரு பெண் நாசி லெமாக்கும் வடையும் விற்றுப் பிள்ளைகளைக் கரையேற்ற நினைத்தால், அவர் பிழைப்பைத் தீர்மானிப்பவர் பிரதமர் அல்லர். லைசென்ஸ் பிரிவில் உட்கார்ந்திருக்கும் அதிகாரி.

அதைவிடப் பெரிய அதிகாரம் நிலத்தின் மேல் இருக்கிறது. நிலம் மாநில அரசின் கையில் என்பது உண்மை. ஆனால் அந்த நிலத்தில் என்ன எழும்பலாம், எந்த நிபந்தனையோடு எழும்பலாம் என்பதற்கு அனுமதி தர வேண்டியது, 1976-ஆம் ஆண்டு நகர, கிராமத் திட்டமிடல் சட்டப்படி, மன்றமே. பால்மரக் காடு செம்பனைக் காடாகி, செம்பனைக் காடு வீடமைப்புப் பகுதியாகிறபோது, அங்கே மூன்று தலைமுறையாக லயத்தில் வாழ்ந்தவர்கள் எங்கே போவார்கள் என்ற கேள்வியைக் கேட்கக் கடமைப்பட்ட மேசை அதுதான். கேட்க வைக்க நாம் போகவில்லை.

தோட்டப்புற வரலாறே இதற்குச் சாட்சி. தோட்டம் தனியார் நிலம் என்ற ஒரே காரணத்தால் கிராம மேம்பாட்டுப் பணம் தோட்ட எல்லையோடு நின்றுபோனது. பக்கத்துக் கம்பத்துக்குத் தார்ச்சாலையும் குழாய்த் தண்ணீரும் அரசாங்கக் கணக்கில் வந்தன. லயத்துக்கு வந்ததெல்லாம் நிர்வாகம் மனமிறங்கிக் கொடுத்தது. தொழிலாளர் வீட்டு வசதிக்காக 1990-இல் வந்த சட்டமும் அந்தப் பொறுப்பை முதலாளியிடமே விட்டது. வேலை முடிந்த நாளில் வீடும் போனது. இதற்காக எந்தச் சட்டத்திலும் இனத்தின் பெயர் எழுதப்படவில்லை. எழுதத் தேவையும் இருக்கவில்லை. எல்லைக்கோட்டுக்குள் இருந்தவர்களில் பெரும்பாலோர் தமிழர்கள். விளக்குக் கம்பம் எங்கே நிற்க வேண்டும் என்ற சின்ன முடிவு, ஒரு இனத்தின் ஏழ்மையைத் தலைமுறை தலைமுறையாக நீட்டித்தது.

ஊராட்சி வெறும் குப்பை விவகாரம் என்றால், தமிழ்நாட்டில் அதற்காக ஏன் இரத்தம் சிந்தியது? மதுரை மாவட்டம் மேலவளவு ஊராட்சியின் தலைவர் பதவி தலித்துகளுக்கு ஒதுக்கப்பட்டது. தலைவராகத் தேர்வான முருகேசனும் மற்ற ஐவரும் 1997 ஜூன் 30 அன்று வெட்டிக் கொல்லப்பட்டார்கள். பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலம் ஊராட்சிகளில் ஒரு தலித் தலைவர் நாற்காலியில் நிலைத்து உட்காருவதைப் பத்து ஆண்டுகள் தடுத்தார்கள்; 2006-இல்தான் முறையான தேர்தல் நடந்தது. யாருக்குக் குழாய், யாருக்குக் குத்தகை, யார் முன்னால் யார் எழுந்து நிற்க வேண்டும் என்பதையெல்லாம் அந்த நாற்காலி மாற்றிவிடும் என்று ஆதிக்கச் சாதியினருக்குத் தெரிந்திருந்தது. நமக்குத்தான் தெரியவில்லை.

நம் முன்னோருக்கும் தெரிந்திருந்தது. 1957-இல் ஜார்ஜ்டவுன் மாநகரின் முதல் மேயராக அமர்ந்தவர் தொழிற்கட்சியைச் சேர்ந்த டி.எஸ்.ராமநாதன். அந்த மாநகர மன்றம் மின்சாரத்தையும் பேருந்துகளையும் தானே நடத்தியது. ஈப்போவில் சீனிவாசகம் சகோதரர்கள் முற்போக்குக் கட்சியைக் கட்டி, நகர மன்றத்தையே கைப்பற்றினார்கள். இந்தோனேசிய மோதலைக் காரணம் காட்டி 1965-இல் ஊராட்சித் தேர்தல்கள் நிறுத்தப்பட்டன. ஊராட்சி மன்றங்களின் செயல்பாட்டை ஆராய அமைந்த அரச ஆணையத்துக்குத் தலைமை தாங்கியவர் ஒரு தமிழர், ஆதி நாகப்பன். தேர்தல் திரும்ப வேண்டும் என்று அந்த ஆணையம் 1968-இல் பரிந்துரைத்தது. பரிந்துரை கிடப்பில் போனது. 1976-ஆம் ஆண்டு ஊராட்சி மன்றச் சட்டம் நியமனத்தை நிலையாக்கியது. பினாங்கு அரசு தேர்தலை மீட்க முயன்றபோது, 2014-இல் கூட்டரசு நீதிமன்றம் அதற்கு இடமில்லை என்றது.

"அப்படியென்றால் நியமன உறுப்பினரிடம் என்ன பேசுவது?" என்று கேட்பவர்கள் அதே சட்டத்தின் 10-ஆவது பிரிவைப் பார்க்கட்டும். உறுப்பினர்களில் பெரும்பான்மையோர் அந்தப் பகுதியில் குடியிருப்பவர்களாக இருக்க வேண்டும். தங்கள் சமூகத்தின் நலனைப் பிரதிநிதித்துவம் செய்யத் தகுந்தவர்களையும் நியமிக்கலாம் என்கிறது. 23-ஆவது பிரிவோ, மன்றமே தீர்மானம் போட்டு மூடினால் ஒழிய, கூட்டங்கள் பொதுமக்களுக்குத் திறந்திருக்க வேண்டும் என்கிறது. நம் ஊரில் எத்தனை பேர் போய் உட்கார்ந்திருக்கிறோம்? இந்தியர் கோட்டாவில் நியமனம் பெற்றவர் கோயில் திருவிழாவில் மாலை வாங்கினால் போதும் என்று இருந்துவிட்டோம். மன்றத்தில் என்ன பேசினார் என்று கேட்கவில்லை.

தேர்தல் இல்லாமலும் மக்களைக் கேட்டு முடிவு செய்ய முடியும் என்பதைப் பினாங்கு காட்டியது. 2012-இல் பினாங்கு பெண்கள் மேம்பாட்டுக் கழகம், தீவிலும் செபராங் பிறையிலும் உள்ள நகராண்மைக் கழகங்களோடு சேர்ந்து, ஜாலான் சுங்கை, அம்பாங்கான் அடுக்குமாடி மக்களிடமே பணத்தை எதற்குச் செலவிடலாம் என்று கேட்டது. பிரேசிலின் போர்ட்டோ அலெக்ரே நகரம் 1989-இலேயே இந்த வழியைத் தொடங்கிவிட்டது. சேரிகளுக்குக் குடிநீரும் சாக்கடையும் அங்கே அப்படித்தான் முன்னுரிமை பெற்றன.

சிலிம் ரிவருக்கு நில அனுமதிக் கேள்வி நாளைய விஷயம் அல்ல. 2016 முதல் நாம் முவாலிம் மாவட்டம். 2023-இல் தஞ்சோங் மாலிமில் ஜீலி நிறுவனத்தின் 1,000 கோடி அமெரிக்க டாலர் முதலீட்டோடு வாகனத் தொழில்நுட்பப் பள்ளத்தாக்கு வருவதாகப் பிரதமர் அறிவித்தார். தொழிற்சாலை வந்தால் நில விலை ஏறும். விலை ஏறினால் தோட்டங்கள் துண்டாகும். அந்த அனுமதிக் கோப்புகள் தஞ்சோங் மாலிம் மாவட்ட மன்றத்தின் மேசைக்குத்தான் வரும். எங்கே என்ன எழும்பலாம் என்று வரையும் வட்டாரத் திட்டம் இல்லாத இடத்தில், மேம்பாட்டு விண்ணப்பம் பற்றிய அறிவிப்பை அண்டை நில உரிமையாளருக்கு அனுப்பினால் போதும் என்கிறது திட்டமிடல் சட்டம். லயத்தில் இருப்பவர் உரிமையாளர் அல்லர். அதனால் வட்டாரத் திட்ட வரைவு பார்வைக்கு வைக்கப்படும் குறைந்தபட்ச நான்கு வார காலம்தான் அவருக்கு இருக்கும் வாசல். அந்த வாசல் வழியே நாம் கூட்டமாக நுழைய வேண்டும்.

இனத்தைச் சொல்லிக் கேட்டால் மற்றவர்கள் கோபித்துக்கொள்வார்கள் என்று தயங்க வேண்டாம். தேவையை அளவுகோலாக வைப்போம். தோட்டம் மேம்பாட்டுக்குப் போகும்போது அங்கு குடியிருக்கும் ஒவ்வொரு குடும்பத்துக்கும் அதே வட்டாரத்தில் சொந்த வீடு என்பதை அனுமதியின் நிபந்தனையாக்கச் சொல்வோம். சந்தை இடங்களில் ஒரு பங்கை வேலையிழந்த தோட்டக் குடும்பங்களுக்கு ஒதுக்கச் சொல்வோம். எந்தக் குடியிருப்புக்கு ஆண்டுதோறும் எவ்வளவு செலவு செய்தீர்கள் என்று பட்டியல் கேட்போம். இவை நிறைவேறினால் பக்கத்து ஓராங் அஸ்லி கிராமத்துக்கும், கம்பத்து ஏழை மலாய்க்காரருக்கும், புதுக்கிராமத்துச் சீன முதியவருக்கும் சேர்ந்தே நன்மை வரும். அதிகம் இழந்தவர்கள் நாம் என்பதால் அதிகம் பெறுவதும் நாமாக இருப்போம். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

புத்ராஜெயாவிடம் கேட்பதை நிறுத்தச் சொல்லவில்லை. அங்கே கேட்ட மனுக்களில் பாதியையாவது இங்கே கேட்டிருந்தால், இத்தனை லயக் குடும்பங்கள் வீடில்லாமல் நகர ஓரங்களுக்குச் சிதறியிருக்க மாட்டா. ஒவ்வொரு தோட்டத்திலும் தாமானிலும் இரண்டு பேர் முன்வரட்டும். மன்றக் கூட்டத்துக்குப் போகட்டும், திட்ட வரைவைப் படிக்கட்டும், ஆட்சேபத்தை எழுத்தில் கொடுக்கட்டும். நம் பெயரில் நியமனம் பெற்ற கவுன்சிலர் ஆண்டுக்கு ஒருமுறை நம் முன் நின்று, எந்தக் கோப்பில் என்ன பேசினேன் என்று கணக்குச் சொல்லட்டும். சொல்ல முடியாதவருக்கு அடுத்த தவணை கொடுக்காதீர்கள் என்று மந்திரி பெசாருக்கு நாமே கையெழுத்திட்டு அனுப்புவோம்.