குரூப் அட்மின்களே, வடலூர்ப் பக்கம் கொஞ்சம் எட்டிப் பாருங்க!

மாடித்தோட்டம், பறவை பார்த்தல், பழைய நாணயம்... எந்தப் பொழுதுபோக்குச் சங்கமாக இருந்தாலும் இன்று அதன் அலுவலகம் வாட்ஸ்அப் குரூப்தான். ஒரு குரூப்பில் 1,024 பேர் வரை சேரலாம். கத்தரிச் செடியில் பூச்சி என்று ஒருவர் போட்டோ போடுவார். பதில் வருவதற்குள் 40 'குட் மார்னிங்' வந்துவிடும். கடுப்பாகும் அட்மின், 'அட்மின் மட்டுமே பதிவிடலாம்' என்று பூட்டிவிடுவார். அதோடு செடியும் போச்சு, பேச்சும் போச்சு!

போனே இல்லாத காலத்தில் ஒரு சங்கத் தலைவர் உறுப்பினர்களோடு எப்படிப் பேசினார் என்று பார்க்க, கடலூர் மாவட்டம் வடலூருக்குப் போகலாம். 1865-ல் வள்ளலார் தொடங்கிய சமரச வேத சன்மார்க்க சங்கம் பொழுதுபோக்குச் சங்கம் அல்லதான். ஆனால் பல ஊர்களில் சிதறிக்கிடக்கும் ஆட்களை ஒரே நினைப்பில் சேர்த்து வைக்கும் பாடு எல்லாச் சங்கத்துக்கும் ஒன்றுதான்.

அவருடைய 'மெசேஜ்' எல்லாம் கடிதம்தான். சங்கத்துக்கு முன்பே, 1860-ல் அவர் வடலூர் அருகே கருங்குழியில் இருந்தபோது நடந்தது இது. சென்னையில் இருந்த அன்பர் இறுக்கம் இரத்தின முதலியார், வள்ளலாரின் பாடல்களை அச்சிடக் கேட்டுக்கொண்டே இருந்தார். பாடல்கள் கைக்கு வரும்வரை ஒரு வேளைதான் சாப்பிடுவேன் என்றும் உட்கார்ந்துவிட்டார். இன்றைய தலைவர் ஒரு ப்ளூ டிக்கோடு நகர்ந்துவிடலாம். வள்ளலார் உட்கார்ந்து பதில் எழுதினார். முதலில் வேளைக்குச் சாப்பிடச் சொன்னார். பாடல்களை அனுப்பவும் ஒப்புக்கொண்டார். திருவருட்பா 1867-ல் அச்சாகி வந்தது. அதே ஆண்டு மே 23-ல் தருமச்சாலை அடுப்பும் பற்றியது.

தன் பெயருக்குப் பின்னால் 'சாமி' சேர்ப்பது ஆரவாரமாகத் தெரிகிறது, வேண்டாம் என்றும் கடிதத்தில் எழுதியிருக்கிறார். டிஸ்பிளே பெயரிலேயே மூன்று பட்டம் போடும் தலைவர்கள் இந்த இடத்தில் கொஞ்சம் நிற்கலாம்.

1872-ல் சத்திய ஞானசபைக்காக வெளியிட்ட விளம்பரத்தில் அவர் மக்களை அழைத்த சொல், 'நண்பர்களே'. சிஷ்யர்களே என்றோ அடியார்களே என்றோ அழைக்கவில்லை. அதே ஆண்டு சங்கத்தின் பெயரையும் மாற்றினார். 'வேத' போய், சமரச சுத்த சன்மார்க்க சத்திய சங்கம் ஆனது. ஐகான் மாற்றினாலே நாலு பேர் வெளியேறும் குரூப்களை நமக்குத் தெரியும். இது கொள்கையே மாறிய பெயர் மாற்றம். அதைச் சொல்லாமல் செய்யவில்லை, கட்டளையாகவே எழுதி அறிவித்தார்.

கஷ்டமான பேச்சு அடுத்த ஆண்டு வந்தது. 1873 அக்டோபர் 22, மேட்டுக்குப்பம் சித்திவளாகம். சன்மார்க்கக் கொடியை ஏற்றிவிட்டு நீண்ட நேரம் பேசினார். சைவத்தின் மீது தனக்கு முன்பிருந்த பற்று கொஞ்சமல்ல, அது தன் பாடல்களிலேயே தெரியும், இப்போது அதை விட்டுவிட்டேன் என்றார். அந்தப் பாடல்களைப் படித்து உருகித்தான் பலர் அவரிடம் வந்திருந்தார்கள். அவர்களை நேரில் உட்காரவைத்து, என் பழைய எண்ணம் மாறிவிட்டது என்று சொல்ல எவ்வளவு தைரியம் வேண்டும்! சொன்னால் ஆட்கள் குறையலாம். சொல்லாவிட்டால், தான் விட்டுவிட்ட ஒன்றைத் தன் பெயரிலேயே எல்லோரும் பிடித்துக்கொண்டிருப்பார்கள். அவர் சொல்லிவிட்டார்.

1874 ஜனவரி 30 அன்று சித்திவளாக அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். அதன் பிறகு கடிதம் இல்லை, அறிவிப்பு இல்லை. வடலூரில் தருமச்சாலை அடுப்பு மட்டும் இன்றைக்கும் அணையாமல் எரிகிறது. பசியோடு போகிறவரை, எந்தக் குரூப் என்று அங்கே யாரும் கேட்பதில்லை.