நியூகிரேஞ்சின் வெள்ளைச் சுவர்

அயர்லாந்தில் பாய்ன் ஆறு வளையும் இடத்தில் நிற்கும் நியூகிரேஞ்ச் ஈமக்குன்றை உலகம் அதன் வெள்ளைச் சுவரைக் கொண்டே அடையாளம் காண்கிறது. குன்று ஏறத்தாழ கி.மு. 3200-ஐச் சேர்ந்தது. சுவரோ, பேராசிரியர் எம். ஜே. ஓ'கெல்லி 1962 முதல் 1975 வரை நடத்திய அகழாய்வை ஒட்டி எழுப்பியது. அதன் முதுகைத் தாங்குவது கம்பி கட்டிய கான்கிரீட். புதிய கற்கால மக்கள் கண்ட தோற்றம் இதுதான் என்று நம்பியே பார்வையாளர்கள் திரும்புகிறார்கள். கருதுகோள் ஒன்றைக் கல்லில் கட்டினால், அது கருதுகோள் என்பதும் அந்தக் கட்டுமானத்திலேயே தெரிய வேண்டும். நியூகிரேஞ்சில் அது தெரியவில்லை.

ஓ'கெல்லி மனம்போன போக்கில் கட்டிவிடவில்லை. குன்றின் அடியைச் சுற்றி நிறுத்திய விளிம்புக்கற்களுக்கு வெளியே, சரிந்த கற்குவியலுக்கு அடியில், வெண்குவார்ட்ஸ் கற்கள் ஓர் அடுக்காகக் கிடந்தன. விக்லோ மலைப்பகுதியிலிருந்து அவ்வளவு கல்லைச் சுமந்துவந்தவர்களுக்கு ஒரு நோக்கம் இருந்திருக்கும். அவர் மாதிரிச் சுவர் ஒன்றைக் கட்டிச் சரியவிட்டு, விழுந்த விதம் அகழ்வில் கண்டதோடு ஒத்துப்போகிறதா என்றும் சோதித்தார். ஆனால் ஒத்துப்போவது வேறு, வேறு விளக்கத்துக்கு இடமில்லை என்பது வேறு. ஒரு கிலோமீட்டருக்குச் சற்றே அப்பாலுள்ள நௌத் குன்றின் வாயிலிலும் குவார்ட்ஸ் கிடைத்தது. அங்கே அகழ்ந்த ஜார்ஜ் ஓகன் அதைத் தரையில் பரப்பிய தளமாகக் கொண்டார். இன்றும் அது தரையிலேயே கிடக்கிறது. ஒரே பள்ளத்தாக்கில், ஒரே வகைக் கல், ஓரிடத்தில் சுவராகவும் மற்றோரிடத்தில் தளமாகவும் நம்முன் நிற்கிறது. இரண்டையும் ஒரே நாளில் பார்ப்பவருக்கு அறிஞர்களின் கருத்து வேறுபாடு புரிந்தால் நல்லது. புரிவதற்கான வழியைத்தான் காணோம்.

சுவர் இல்லாவிட்டால் அது வெறும் புல்மேடு, யார் வருவார்கள் என்று கேட்பவர்கள் உண்டு. நியூகிரேஞ்சின் பெருமை உள்ளேதான் இருக்கிறது. கல்லின்மேல் கல்லை உள்நோக்கி நீட்டி அடுக்கிய கூரை, ஏறத்தாழ ஆறு மீட்டர் உயரம், ஐயாயிரம் ஆண்டுகளாக ஒழுகவில்லை. மழைநீர் வழிந்தோட நடைவழியின் கூரைக்கற்களில் காடி வெட்டி, இடுக்குகளைச் சுட்ட மண்ணும் கடல்மணலும் கொண்டு அடைத்திருக்கிறார்கள். ஆண்டின் மிகக் குறுகிய பகலில், வாயிலுக்கு மேலுள்ள சாளரம் வழியே உதயகால ஒளி 19 மீட்டர் நடைவழியைக் கடந்து அறையைத் தொடுகிறது. ஓ'கெல்லி அதை 1967 டிசம்பரில் கண்டார்.

நடைவழியையும்தானே பிரித்துச் சீரமைத்தார்கள், அதை மட்டும் ஏன் ஏற்க வேண்டும் என்ற கேள்வி கனமானது. சாய்ந்த கற்களை நிமிர்த்தியது உண்மை. ஆயினும் ஜான் பேட்ரிக் 1974-இல் வெளியிட்ட அளவீடு, அந்த ஒளிநேர்கோடு மூலக் கட்டுமானத்துக்கே உரியது என்று காட்டியது. அங்கே தலையீட்டை அளந்து சரிபார்க்க முடிந்தது. சுவரின் உயரத்தையும் செங்குத்தையும் அப்படிச் சரிபார்க்க எந்த எச்சமும் இல்லை.

இதற்காகச் சுவரை இடிக்க வேண்டியதில்லை. இடித்தால் குன்று மறுபடியும் குலையும். அரை நூற்றாண்டு நின்ற அந்தச் சுவர் தொல்லியல் துறையின் வரலாற்றிலும் ஓர் ஆவணம். ஊகம் தொடங்கும் இடத்தில் சீரமைப்பு நிற்க வேண்டும், சேர்த்தவை மூலத்திலிருந்து வேறுபட்டுத் தெரிய வேண்டும் என நினைவுச்சின்னப் பாதுகாப்புக்கான 1964-ஆம் ஆண்டின் வெனிஸ் சாசனம் சொல்லியிருந்தது. அதற்கான நேர்மையான மாதிரி நியூகிரேஞ்சிலேயே இருக்கிறது: பார்வையாளர் நுழைய வாயிலின் இருபுறமும் உள்வளைந்து செல்லும் கருங்கல் சுவர் தன்னைப் பழமையாகக் காட்டிக்கொள்வதில்லை. வெள்ளைச் சுவரின் ஒரு பகுதிக்கு முன்னால், அகழ்ந்தபோது குவார்ட்ஸ் கிடந்த பரப்பை அதே அகலத்தில் தரையில் காட்டலாம். ஓ'கெல்லியின் வெட்டுமுக வரைபடங்கள் அதற்குப் போதும்.