தகர டின்னில் கிடக்கும் சரித்திரம்



பிரிக்பீல்ட்ஸிலிருந்து ஒரு தாயார் கடிதம் எழுதியிருக்கிறார். இரண்டாம் படிவத்தில் படிக்கும் அவருடைய மகன், நடைபாதையில் கடை பரப்பியிருந்த ஒருவரிடம் 30 வெள்ளி கொடுத்து, பச்சைக் களிம்பு பிடித்த 'கிரேக்கக் காசு' ஒன்றை வாங்கி வந்துவிட்டானாம். "அரிசி வாங்க வேண்டிய பணம், ஐயா. இது வீண் செலவுதானே? புளி போட்டுத் தேய்த்தாலாவது பளபளக்குமா?" என்று கேட்டிருக்கிறார்.

அம்மா, முதலில் அந்தப் புளியைக் கீழே வையுங்கள். பிறகு பேசுவோம்.

கிரேக்க நாட்டில் பழங்காலத்தில் ஒவ்வொரு நகரமும் தனித்தனி அரசாக இருந்தது. அவற்றில் பல தம் சொந்த அடையாளத்தைக் காசில் பதித்தன. ஏதென்ஸ் நகரத்துக்கு ஆந்தை; ரோட்ஸ் தீவுக்கு ரோஜாப்பூ. பெரிய கொடுக்கல் வாங்கலுக்கு வெள்ளிக் காசு. காய்கறிக்கும் மீனுக்கும் வெண்கலச் சில்லறை. ஏதென்ஸ் கணக்குப்படி ஒரு திராக்மாவுக்கு 6 ஓபல். ஓர் ஓபலுக்கு 8 செப்புக் காசு. கி.மு. 5ஆம் நூற்றாண்டின் கடைசியில் கைத்தொழில் தெரிந்த ஒருவரின் ஒரு நாள் கூலி ஏறக்குறைய ஒரு திராக்மா. அப்படியானால் பின்னர் வந்த அந்தச் செப்புக் காசு ஒரு திராக்மாவில் 48இல் ஒரு பங்கு! பிரட்டுக்குப் போய் நாள் கூலி வாங்கிய நம் குடும்பங்களுக்கு இந்தக் கணக்கு நன்றாகப் புரியும்.

வெண்கலம் என்பது செம்பும் வெள்ளீயமும் சேர்ந்த கலவை. ஆம், கோலாலம்பூரை நகரமாக்கியதே அந்த வெள்ளீயம்தான். யவனர் காசிலும் அதே உலோகம்தான் கலந்திருக்கிறது.

'யவனர்' என்ற சொல்லைத் தமிழாசிரியர் வகுப்பில் கேட்டிருப்பீர்கள். கிரேக்கரையும் ரோமரையும் நம் முன்னோர் அப்படித்தான் அழைத்தார்கள். அவர்கள் மிளகு வாங்கக் கப்பலில் வந்ததற்குச் சாட்சி எங்கே என்று கேட்டால், கரூருக்குப் போக வேண்டும். அங்கே அமராவதி ஆற்று மணலைச் சலித்தவர்கள் கைக்கு ஏராளமான பழங்காசுகள் கிடைத்தன. தினமலர் ஆசிரியராக இருந்த இரா. கிருஷ்ணமூர்த்தி அவற்றைத் தேடிச் சேகரித்து ஆராய்ந்தார். கரூரிலும் மதுரையிலும் கிடைத்த ரோமச் செப்புக் காசுகளைப் பற்றி 1994இல் ஒரு நூல் எழுதினார். கரூரில் கிடைத்த, ரோமர் அல்லாத பிற அயல்நாட்டுக் காசுகளுக்கென்றே 2000இல் இன்னொரு நூல் வந்தது. திரேஸ், தெசலி, கிரீட் முதலிய கிரேக்கப் பகுதிகளின் காசுகள் கரூரில் கிடைத்ததை எடுத்துச் சொன்னவர் அவரே. 'மாக்கோதை' என்று தமிழி எழுத்தில் பெயர் பொறித்த சேரர் வெள்ளிக் காசும் அதே ஆற்றங்கரை தந்ததுதான்.

இங்கே ஒன்றை யோசித்துப் பாருங்கள். பொன்னும் வெள்ளியும் எந்த நாட்டிலும் செல்லும். எடை போட்டு வாங்கிக்கொள்வார்கள். சில்லறைக் காசு அப்படியல்ல. அடித்த ஊரைத் தாண்டினால் அதற்கு மதிப்புக் குறைவு. அதுவும் கடல் கடந்து வந்திருக்கிறது என்றால், யாரோ ஒரு மாலுமியோ சிறு வியாபாரியோ மடியில் மறந்துபோய் வைத்திருந்த காசாகவும் இருக்கலாம். பொற்காசு வாணிபத்தைச் சொல்லும். செப்புக் காசு மனிதனைச் சொல்லும்.

சரி, உங்கள் மகன் வாங்கியது அசலா? நான் பார்க்காமல் சொல்ல முடியாது. சோதிக்கும் வழியைச் சொல்கிறேன். அக்காலக் காசுகளைப் பெரும்பாலும் இரண்டு அச்சுக்கு நடுவே வைத்துச் சம்மட்டியால் அடித்தார்கள். அதனால் ஒன்றைப்போல் இன்னொன்று அச்சாக இருக்காது. அதே கடையில் கீறல் முதல் தேய்மானம் வரை ஒத்திருக்கும் இரண்டு காசுகள் இருந்தால் சந்தேகப்படுங்கள். விளிம்பைச் சுற்றி வார்ப்புக் கோடு ஓடினாலும் சந்தேகப்படுங்கள். விடுமுறையில் மகனைப் பேங்க் நெகாரா அருங்காட்சியகத்துக்கு அழைத்துப் போங்கள். அசல் காசுகளைக் கண்ணாரப் பார்த்தால் கண் பழகும். இன்னொன்று: இந்தியாவுக்குப் போகிறவர்கள் அங்கே பழங்காசு வாங்கிவர ஆசைப்பட வேண்டாம். 1972ஆம் ஆண்டுச் சட்டப்படி, நூறாண்டுக்கு மேற்பட்ட பழம்பொருளைத் தனியார் நாட்டைவிட்டு வெளியே கொண்டுவரக் கூடாது.

எல்லாவற்றையும்விட முக்கியமானது, காசு எங்கே கிடைத்தது என்ற குறிப்பு. இடம் தெரிந்த காசு சரித்திரம் பேசும். இடம் தெரியாத காசு ஊமை.

இதை நான் பாடப் புத்தகத்தில் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை. என் தாத்தா ரஜுலா கப்பலில் நாகப்பட்டினத்திலிருந்து வந்தவர். லயத்து வீட்டில் அவருடைய பிஸ்கட் டின் ஒன்று இருந்தது. உள்ளே காலணா, ஜார்ஜ் மன்னர் தலை போட்ட ஒரு காசு, ஜப்பான் காலத்து வாழைமர நோட்டு, இவற்றோடு களிம்பேறிய தடித்த சிறு செப்புக் காசு ஒன்று. சிறுவயதில் ஆடு மேய்க்கும்போது ஆற்றோரத்தில் கண்டெடுத்தாராம். அதில் யானையா குதிரையா என்று தெரியாத ஓர் உருவம் மங்கலாக இருந்தது. அப்போது எனக்கு ஒன்பது வயது. தாத்தாவை மகிழ்விக்க நினைத்து, புளியும் சாம்பலும் போட்டு ஒரு சாயங்காலம் முழுக்கத் தேய்த்தேன். காசு பளபளவென்று ஆனது. உருவம் போய்விட்டது.

தாத்தா அடிக்கவில்லை. கையில் வாங்கிப் பார்த்துவிட்டு, "அதுல ஒட்டியிருந்தது எங்க ஊரு மண்ணுடா தம்பி" என்றார். அவ்வளவுதான்.

அந்த ஊர் எது, எந்த ஆறு என்று நான் கேட்கவில்லை. கேட்கத் தெரிந்த வயதில் தாத்தா இல்லை. அந்தக் காசு இன்றும் என் மேசையில் இருக்கிறது, ஒரு பொத்தானைப் போல.

ஆகவே அம்மா, மகனைத் திட்டாதீர்கள். முப்பது வெள்ளி போலிக் காசுக்கே போயிருந்தாலும், அவனுக்குள் ஒரு கேள்வி பிறந்திருக்கிறது. அந்தக் கேள்வியை வீட்டுப் பக்கம் திருப்பிவிடுங்கள். உங்கள் வீட்டிலும் ஒரு பழைய டின் இருக்கும். காசுகளை எடுத்து, தேய்க்காமல், ஒவ்வொன்றையும் தனித்தனிக் காகித உறையில் போடச் சொல்லுங்கள். உறையின்மேல் யாருடையது, எந்த ஊர், எந்தக் கப்பல், எந்த வருடம் என்று பென்சிலால் எழுதச் சொல்லுங்கள். விடை தெரிந்த பாட்டியோ பெரியப்பாவோ இன்னும் இருந்தால், இந்த ஞாயிற்றுக்கிழமையே போய்க் கேட்கட்டும்.

வாசகர்களே, தோட்டத்தை விட்டுப் பட்டணத்துக்கு மாறும்போது பழைய சாமான்காரருக்கு எடை போட்டுக் கொடுத்துவிடுகிற டின்னில்தான் நம் சரித்திரம் கிடக்கிறது. கொடுப்பதற்கு முன் ஒருமுறை திறந்து பாருங்கள்.

அடுத்த இதழில் சந்திப்போம்.