விளக்கும் குடமும்



சில மாதங்களுக்கு முன் மடுல்சீமைப் பக்கத் தோட்டமொன்றில் மகளிர் சங்கக் கூட்டத்துக்குப் போயிருந்தேன். பதுளையிலிருந்து பசறை வழியாக மேலேறும் பஸ் மழையில் பிந்திவிட்டது. பிள்ளை மடுவத்தை நான் அடைந்தபோது பெண்கள் கொழுந்து நிறுத்துவிட்டு வந்து காத்திருந்தார்கள். சேமிப்புக் கணக்கும் கடன் கணக்கும் முடிந்து எல்லாரும் எழும்பிப் போன பின்னர், ஒரு தாய் மட்டும் நின்றார்.

"மிஸ், ரெண்டு பொம்பளப் புள்ளைங்க ஒண்ணா இருந்தா பொலிசுல புடிச்சிக்கிட்டுப் போவாங்களாமே, நெசமா?"

அவருடைய மகள் கட்டுநாயக்கவில் கார்மன்ட் வேலை செய்துவிட்டு ஊர் திரும்பியவள். அங்கு பழகிய தோழியையும் கூட்டி வந்திருந்தாள். தோழி முல்லைத்தீவுப் பக்கத்தவள். போரில் தாய் தந்தையரை இழந்தவள். இருவரும் கலியாணம் வேண்டாம், பிரியவும் மாட்டோம் என்கிறார்கள். லயத்து இளைஞர் ஒருவர், "சட்டம் இருக்கு, காசு தராட்டி பொலிசுல சொல்லுவேன்" என்று அந்தத் தாயை மிரட்டியிருந்தார். (அடையாளம் தெரியாதிருக்கச் சில விபரங்களை மாற்றியுள்ளேன்.)

அப்படியொரு சட்டம் இல்லை என்று சொல்ல எனக்கு ஆசையாக இருந்தது. ஆனால் இருக்கிறது.

1883ஆம் ஆண்டு வெள்ளைக்காரர் கொண்டு வந்த தண்டனைச் சட்டக் கோவையின் 365ஆம் பிரிவு "இயற்கைக்கு மாறான" உடலுறவுக்கு 10 வருடம் வரை சிறை என்கிறது. 365அ பிரிவு "இழிவான ஒழுக்கக்கேடு" என்று எதையோ குறிப்பிட்டு 2 வருடம் வரை சிறை என்கிறது. அது என்ன செயல் என்று விளக்கம் கிடையாது. முதலில் இந்த 365அ ஆண்களை மாத்திரமே குறித்தது. 1995இல் சட்டக் கோவை திருத்தப்பட்டபோது "ஆண்" என்ற சொல் "ஆள்" என்று மாறியது. பாலியல் தொல்லையைக் குற்றமாக்கி, வன்புணர்வுக்குத் தண்டனையைக் கடுமையாக்கிய அதே திருத்தத்தின் மூலம்தான் பெண்களும் இந்தப் பிரிவுக்குள் வந்து சேர்ந்தார்கள். ஒரு கையால் எமக்குப் பாதுகாப்புத் தந்த சட்டம், மறு கையால் எம்மில் சிலரைக் குற்றவாளிகளாக்கியது.

இலங்கை இந்தப் பிரிவின் மூலம் பெண்களுக்கு எதிரான பாரபட்சத்தை ஒழிக்கும் சமவாயத்தை மீறியுள்ளது என்று ஐக்கிய நாடுகள் சபையின் உரிய குழு 2022இல் கூறியது. றொசானா பிளேமர் கல்தேரா என்ற இலங்கைப் பெண் செய்த முறைப்பாட்டுக்கு வந்த பதில் அது.

அடுத்த வருடம் பாராளுமன்ற உறுப்பினர் பிரேம்நாத் சி. தொலவத்த, இப்பிரிவுகளைத் திருத்துவதற்குத் தனிநபர் சட்டமூலம் ஒன்றைக் கொண்டு வந்தார். அதை எதிர்த்துச் சிலர் உயர் நீதிமன்றம் சென்றனர். மூன்றில் இரண்டு பெரும்பான்மையும் சர்வசன வாக்கெடுப்பும் இல்லாமல் அதை நிறைவேற்ற முடியாது என்பது அவர்களது வாதம். நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. சட்டமூலம் அரசியலமைப்புக்கு முரணானதல்ல என்ற தீர்மானத்தை 2023 மே மாதம் சபாநாயகர் சபையில் அறிவித்தார். சாதாரண பெரும்பான்மை போதும் என்பது இதன் பொருள். ஆனால் சட்டமூலம் நிறைவேறவில்லை. 2024 செப்டம்பரில் பாராளுமன்றமும் கலைக்கப்பட்டது.

இடையில் இன்னொன்றும் நடந்தது. பால்நிலைச் சமத்துவச் சட்டமூலம் 2024இல் வந்தபோது, மூன்றில் இரண்டு பெரும்பான்மையோடு சர்வசன வாக்கெடுப்பிலும் மக்கள் அங்கீகரித்தால்தான் அது சட்டமாகலாம் என்று உயர் நீதிமன்றம் தீர்மானித்தது. அது ஒருபால் திருமணத்துக்கு வழி திறந்துவிடும் என்பது எதிர்த்தவர்கள் எழுப்பிய அச்சங்களில் ஒன்று. ஒரு வருட இடைவெளியில் ஒன்றுக்கு வாக்கெடுப்புத் தேவையில்லை, மற்றதற்குத் தேவை என்றாயிற்று.

அடுத்த கூட்டத்தில் யாருடைய கதையையும் சொல்லாமல், இந்தச் சட்ட விடயத்தை மட்டும் பெண்கள் முன் வைத்தேன். சிலர் சிரித்தார்கள். சிலர் முகம் சுளித்தார்கள். ஓர் அக்கா, "இதுல என்ன மிஸ் இருக்கு? எல்லாரையும் ஓட்டுப் போடச் சொல்ல வேண்டியதுதானே. நெறயப் பேரு என்ன சொல்றாங்களோ அதான் ஞாயம்" என்றார். பலர் தலையசைத்தார்கள்.

மூலையில் பேரப்பிள்ளையை மடியில் வைத்திருந்த எண்பது கடந்த அப்பாயி ஒருவர் அப்போது வாய் திறந்தார்.

"வெளக்கா கொடமான்னு கேட்டாங்களே, அப்ப ஒனக்கு எத்தன வயசு?"

அந்த அக்கா அப்போது பிறந்திருக்கவில்லை. நானும் பிறக்கவில்லை.

இந்த நாட்டில் இதுவரை நடந்த சர்வசன வாக்கெடுப்பு ஒன்றே ஒன்றுதான். 1982 டிசம்பர் 22. பாராளுமன்றத்தின் ஆயுளைத் தேர்தலின்றி மேலும் 6 வருடம் நீடிக்கலாமா என்பது கேள்வி. ஆம் என்போருக்கு விளக்குச் சின்னம், இல்லை என்போருக்குக் குடம். விளக்கு வென்றது. ஏழு மாதத்தில் கறுப்பு ஜூலை வந்தது.

அப்பாயியின் குடும்பம் சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தத்தின் பின் இந்தியாவுக்கு எழுதிக் கொடுத்துவிட்டு, போகாமல் நின்ற குடும்பம். 1982இல் அவருக்கு வாக்கில்லை. 2003ஆம் ஆண்டுச் சட்டத்தின் பின்னரே அவர் பிரசையானார்.

"நாங்க அன்னைக்கும் கூடைய எடுத்துக்கிட்டு மலைக்குப் போனோம். எங்களுக்கு நாடு உண்டா இல்லையான்னு எப்பவும் அடுத்தவங்கதான் கை தூக்குனாங்க. எங்கள ஒருத்தரும் கேக்கல" என்றார்.

கூட்டம் அமைதியாகிவிட்டது.

தோழியரே, நான் அன்று கற்ற பாடம் இதுதான். 1947 தேர்தலில் மலையகம் 7 பேரைப் பாராளுமன்றத்துக்கு அனுப்பியது. மறுவருடமே பிரசாவுரிமைச் சட்டம் வந்தது. 1949இல் வாக்கும் போயிற்று. அந்தச் சட்டங்கள் திருட்டுத்தனமாக வரவில்லை. சபையில் கை எண்ணி, பெரும்பான்மை காட்டி, முறைப்படி வந்தன. போரால் பாதிக்கப்பட்ட நீங்களும் இதை அறிவீர்கள். எங்கே இருக்க வேண்டும், எப்போது ஊர் திரும்பலாம் என்ற முடிவுகள் உங்களைக் கேட்காமலே எடுக்கப்பட்டன.

வாக்கெடுப்பு நல்ல விடயம்தான். எல்லோருக்கும் சொந்தமான ஒன்றை எல்லோரிடமும் கேட்க வேண்டும். ஆனால் வயது வந்த இருவர் தம் விருப்பத்தோடு ஒரு வீட்டில் பயமின்றி வாழலாமா என்பது ஊருக்குச் சொந்தமான கேள்வியா? எண்ணிக்கையில் குறைந்தவர்களின் மானத்தை எண்ணிக்கையில் கூடியவர்கள் நிறுத்துப் பார்ப்பது சரியா?

பிற நாடுகளின் அனுபவம் இரு விதமாக இருக்கிறது. அயர்லாந்தில் 2015 மே மாதம் ஒருபால் திருமணத்துக்கு வாக்கெடுப்பு நடந்தது. கத்தோலிக்கச் செல்வாக்கு மிகுந்த அந்த நாட்டில் 62 வீதமானோர் ஆம் என்றனர். தாய்வானில் உயர் நீதிமன்ற மட்டத்தில் 2017இலேயே உரிமை ஏற்கப்பட்டிருந்தும், 2018 வாக்கெடுப்பில் பெரும்பான்மையினர் எதிர்த்தனர். ஆயினும் 2019இல் பாராளுமன்றம் தனிச் சட்டம் இயற்றியது. வென்றாலும் தோற்றாலும், மாதக்கணக்கில் தம் வாழ்க்கையை ஊர் முழுக்கப் பேசுவதைக் கேட்டுக் கொண்டிருந்தவர்கள் அந்தச் சிலர்தான். இந்தியாவில் 2018 செப்டம்பர் 6 அன்று உச்ச நீதிமன்றம், இதே காலனித்துவ வழி வந்த 377ஆம் பிரிவை வயது வந்தவர்களின் சம்மத உறவுக்குப் பொருந்தாது என்று தீர்த்தபோது, சமூகத்தின் ஒழுக்க எண்ணத்தை விட அரசியலமைப்பின் அறமே பெரிது என்றது.

எனது தவறொன்றையும் சொல்லியாக வேண்டும். பல்கலைக்கழகத்தில் சமூகவியல் படித்தபோது இந்த விடயத்தை "பிறழ்வு நடத்தை" என்ற அத்தியாயத்தில்தான் படித்தேன். உலக சுகாதார நிறுவனம் 1990இலேயே இதை நோய்ப் பட்டியலிலிருந்து நீக்கிவிட்டது என்பது எனக்குத் தெரியாது. வேலையில் சேர்ந்த புதிதில், இப்படியொரு மனக்கஷ்டத்தோடு வந்த பிள்ளைக்கு, "கலியாணம் முடிச்சா எல்லாம் சரியாயிரும்" என்று புத்தி சொன்னேன். அவள் முடித்தாள். ஒன்றும் சரியாகவில்லை. இரண்டு வாழ்க்கைகள் கெட்டன. அந்தப் பிள்ளையிடம் நான் இன்னும் மன்னிப்புக் கேட்கவில்லை.

அந்தத் தாயை ஒரு சட்டத்தரணியிடம் அழைத்துச் சென்றேன். அவர் இரண்டு விடயங்களைத் தெளிவாக்கினார். சட்டம் குறிப்பது செயலை. இரு பெண்கள் ஒரு வீட்டில் இருப்பதோ, அன்பாக இருப்பதோ குற்றமல்ல. அடுத்தது, பயமுறுத்திக் காசு பறிப்பதுதான் குற்றம். உங்களில் கணவரை இழந்த இருவர் ஒரே வீட்டில் பிள்ளைகளை வளர்க்கும்போதும் ஊர் வாய் சும்மா இருப்பதில்லை என்று அறிவேன். எவராவது சட்டத்தின் பெயரால் மிரட்டினால் காசு கொடுக்காதீர்கள். பேசியதைத் திகதியோடு எழுதி வையுங்கள். தனியே அலையாமல் சட்ட உதவி ஆணைக்குழுவையோ மனித உரிமைகள் ஆணைக்குழுவையோ நாடுங்கள்.

அந்த இளைஞர் பிறகு காசு கேட்கவில்லை. ஆனால் லயத்தில் பேச்சு நிற்கவில்லை. பீலிக்கரையில் இன்றும் சிலர் முகம் திருப்புகிறார்கள். சென்ற மாதம் அந்தத் தாயைக் கண்டபோது விசாரித்தேன்.

"ரெண்டு பேரும் போஞ்சி போட்டிருக்காங்க மிஸ். எனக்கு இன்னும் முழுசா வெளங்கல. வெளங்காட்டியும் பரவாயில்ல. அந்த வன்னிப் புள்ள ராத்திரி யாராச்சும் கதவத் தட்டுனா இன்னும் நடுங்குது. இந்த வீட்டுலயாவது அது நடுங்காம தூங்கணும்."

கதவு தட்டும் சத்தத்தின் பயம் என்னவென்று உங்களுக்கு நான் விளக்கத் தேவையில்லை. உங்கள் அனுபவங்களையும் மாற்றுக் கருத்துகளையும் எழுதுங்கள். அடுத்த மாதம் சந்திப்போம்.