‘அதி’ என்னும் சொல்லுக்குள் மூழ்கிய ஊர்கள்



செஞ்சிக்குத் தெற்கே பனமலை என்றோர் ஊர் உண்டு. ஏரியை ஒட்டிய குன்றின்மேல், எட்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இராசசிம்மப் பல்லவன் எழுப்பிய கற்றளி நிற்கிறது. அதன் சுவரில் எஞ்சியுள்ள அம்மையின் ஓவியத்தைக் காண அயல்நாட்டார் வருகின்றனர். நம்மவருள் பலர்க்கோ அப்படியொன்று இருப்பதே தெரியாது. பனை நின்ற மலை பனமலை. அவ்வளவு எளிய, அவ்வளவு அழகிய பெயரை வடமொழியில் பெயர்த்துத் ‘தாளகிரி’ ஆக்கி, அம்மலை இறைவனுக்கும் ‘தாளகிரீசுவரர்’ என்று பெயர் சூட்டிவிட்டனர். தாளம் என்றால் பனையாம். கிரி என்றால் மலையாம். பனங்காட்டு மக்கள் தம் ஊர் இறைவன் பெயருக்குப் பொருள் கேட்டு அயலாரிடம் போய் நிற்க வேண்டும்!

கோயிலின் பெயர் புரியாமற் போனால் மானம் போவதோடு இழப்பு நிற்கும். புயலைப் பற்றிய அறிவிப்புப் புரியாமற் போனால் உயிரே போகும். அவ்வகையில் நமக்கு நேர்ந்த கேட்டையே இங்குச் சொல்ல வந்தோம்.

தி.ஆ. 2055 நளித் திங்கள் 15ஆம் நாள் (30.11.2024) இரவு, பெஞ்சல் புயல் புதுச்சேரிக்கு அருகே கரை கடந்தது. (பெயர் சவுதி அரபு நாடு தந்தது. பல நாடுகள் முறைவைத்துப் பெயரிடும் ஏற்பாடு அது. அதனைக் குறை கூறவில்லை. இந்தியா தந்த பட்டியலில் ‘முரசு’ என்னும் நம் சொல்லும் உண்டு.) கரை கடந்த புயல் நகராமல், ஏறத்தாழ ஒரே இடத்தில் நின்று கொட்டியது. மறுநாட் காலையோடு முடிந்த 24 மணி நேரத்தில் திண்டிவனத்தை அடுத்த மயிலத்தில் 51 செ.மீ. மழை பெய்தது. திருவண்ணாமலையில் மலைச்சரிவில் மண் சரிந்து ஒரு வீட்டை மூடியதில் எழுவர் மாண்டனர். அவருள் ஐவர் சிறார். திசம்பர் 2ஆம் நாள் விடியுமுன் சாத்தனூர் அணையிலிருந்து நொடிக்கு 1,68,000 கன அடி நீர் தென்பெண்ணையில் திறந்துவிடப்பட்டது. ஆற்றங்கரை ஊர்கள் உறக்கத்திலேயே நீரில் மிதந்தன. ஐந்து முறை எச்சரித்தோம் என்றது அரசு. எங்கள் காதுக்கு வரவில்லை என்றனர் மக்கள். இருவேல்பட்டில் பார்வையிடச் சென்ற அமைச்சர்மீது சேறு வீசப்பட்டது.

சேறு வீசியதைப் போற்றுவார் போற்றட்டும், தூற்றுவார் தூற்றட்டும். ஐந்து முறை சொல்லப்பட்ட செய்தி ஒருமுறையேனும் போய்ச் சேராதது எப்படி?

இதற்கு விடை தேடுமுன் ஓராண்டு பின்னோக்கிச் செல்வோம். 2023 திசம்பர் 17, 18ஆம் நாள்களில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 செ.மீ. மழை கொட்டியது. தாமிரபரணி ஊர்களை விழுங்கியது. மழையின் கடுமையை வானிலைத் துறை முன்கூட்டிச் சொல்லவில்லை என்றது மாநில அரசு. 12ஆம் நாளே சொல்லிவிட்டோம் என்றது நடுவணரசு. இருவருள் பொய்யர் யார் என்று பட்டிமன்றம் நடத்திக் களித்தன தொலைக்காட்சிகள். நாம் சொல்கிறோம்: இருவர் சொன்னதும் உண்மையாகவே இருக்கலாம்! அதுதான் இதிலுள்ள கொடுமை.

எப்படியென்று காண்க. வானிலைத் துறையின் கணக்கில் ஒருநாளில் 6.45 செ.மீ. முதல் 11.55 வரை பெய்தால் ‘கனமழை’. அதற்குமேல் 20.44 வரை ‘மிக கனமழை’. அதற்கும் மேற்பட்டால் ‘அதி கனமழை’. 21 செ.மீ. பெய்தாலும் ‘அதி’, மயிலத்தின் 51 செ.மீ.க்கும் ‘அதி’; காயல்பட்டினத்தின் 95 செ.மீ.க்கும் அதே ‘அதி’. ஏரி நிரம்பி உழவன் மகிழும் மழைக்கும், ஏரிக்கரையை உடைத்து அவன் வீட்டை வாரிச் செல்லும் மழைக்கும் ஒரே சொல், ஒரே செவ்வண்ணக் குறி. சொன்னவன் சொல்லிவிட்டேன் என்கிறான். கேட்டவன் நீ சொல்லவில்லையே என்கிறான். இடையில் நின்ற கடன்வாங்கிய முன்னொட்டு ஒன்று இருவரையும் ஏய்த்துவிட்டது.

‘அதி’ என்பதை எடுத்துவிட்டு அங்கே ஒரு தமிழ்ச்சொல்லை வைத்துவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று நாம் சொல்லவரவில்லை. சொல் மாற்றத்தோடு நிறைவுறும் தமிழ்ப்பற்று அரைகுறைப் பற்று. 51 செ.மீ. மழை என்றால் என்ன? ஒரு குறுக்க (ஏக்கர்) நிலத்தின்மேல் ஏறத்தாழ 20 இலக்கம் இலிட்டர் நீர் ஒரே நாளில் விழுவது. ஒரு சதுரக் கிலோமீட்டர் நீர்பிடிப்புள்ள சிற்றேரிக்கு மேலே 51 கோடி இலிட்டர் வந்து இறங்குவது. இப்படிச் சொன்னால் கலிங்கு தாங்குமா, கரை தாங்குமா என்று ஏரியை அறிந்த முதியவர் ஒரு நொடியில் சொல்லிவிடுவார். மழையைப் பேய்மழை என்று நம் மக்கள் சொல்வது எதற்கென்றும் வானிலைத் துறையார் எண்ணிப்பார்க்கலாம். பேய் இல்லை என்பதே நம் கொள்கை. ஆயினும் அச்சொல்லைக் கேட்டால் உழவன் மாட்டை அவிழ்த்து மேட்டுக்கு ஓட்டுவான். ‘அதி’யைக் கேட்டு எவன் ஓட்டினான்?

அறிவியலைப் பழிக்க இக்கட்டுரையை எவரேனும் கருவியாக்க நினைத்தால், அவர்க்கும் ஒரு சொல். பெஞ்சல் வந்தபோது, அது புயலாகும் என்றார்கள்; நவம்பர் 28இல் ஆகாது என்றார்கள்; 29இல் ஆகும் என்றார்கள்; அன்று ஆகியும் விட்டது. எத்தனை நகையாட்டு! எத்தனை கேலிப் படங்கள்! ஆனால் எண்ணிப் பாருங்கள். புதிய அளவீடு வந்தவுடன் பழைய சொல்லைத் திருத்திக்கொள்பவன் பொய்யனா? சித்திரை முதல் நாள் கோயில் மண்டபத்தில் ஐந்திறம் (பஞ்சாங்கம்) படித்து, இவ்வாண்டு இத்தனை மரக்கால் மழை என்று கூறுகிறானே, அவன் எந்த ஆண்டிலாவது தன் சொல்லைத் திருத்தியதுண்டா? ஆண்டு முடிவில் அவனிடம் மரக்காலை எடுத்து வா என்று எவரேனும் கேட்டதுண்டா? ஆயிரம் முறை பொய்த்தவனுக்குத் தட்டில் காசு; ஒருமுறை திருத்தியவனுக்கு வசை. இந்த அறிவுக்கேட்டைச் சுமந்துகொண்டு நாம் பகுத்தறிவு பேசுகிறோம்.

திருத்தியதில் பிழையில்லை. ஏன் திருத்தினோம் என்று மக்களுக்கு அவர்தம் மொழியில் விளக்காததே பிழை. வானிலை மையம் தமிழிலும் அறிக்கை தருகிறது, மறுக்கவில்லை. ஆனால் அது ஆங்கிலத்தில் எண்ணித் தமிழ் எழுத்தில் இறக்கிய அறிக்கை. ‘ஆழ்ந்த காற்றழுத்தத் தாழ்வு மண்டலம்’ என்றால் காற்று வலுத்ததா, தளர்ந்ததா என்று பத்துப் பேரைக் கேளுங்கள்.

நம்பிக்கை ஒரே நாளில் அறுவதில்லை. 2017 நவம்பர் இறுதியில் ஒக்கிப் புயல் எழுந்தபோது குமரிக் கடலோடிகள் பல நாள் முன்னரே ஆழ்கடலுக்குச் சென்றிருந்தனர். புயல் என்னும் அறிவிப்புக் கரையில் ஒலித்தது. கரையில் ஒலித்தது ஆழ்கடலில் எப்படிக் கேட்கும்? தமிழகத்திலும் கேரளத்திலும் எத்தனையோ வீடுகளில் திரும்பி வாராதவர்களுக்காக இன்றும் காத்திருக்கிறார்கள். அக்கடலோரத்தாரிடம் போய் அறிவியலை நம்புங்கள் என்று வெறும் வாயால் சொல்லிப் பாருங்கள்.

இதே வேளையில், மாந்தனால் ஞாலம் வெப்பமாகிறது என்பதே கட்டுக்கதை என்று கூறும் ஒரு கூட்டமும் கிளம்பியிருக்கிறது. 1964இல் தனுக்கோடியை அழித்த புயலுக்கு எந்தக் கரிவளி கரணியம் என்று கேட்கின்றனர். புயல் முன்பும் வந்தது, இனியும் வரும். எந்த ஒரு புயலையும் சுட்டி இது வெப்பத்தின் பிள்ளை என்று எளிதிற் சொல்லிவிட முடியாது; மயிலத்தில் அவ்வளவு கொட்டியதற்குப் புயல் நகராமல் நின்றதும் கரணியம். ஆனால் காற்று 1 பாகை சூடேறினால் ஏறத்தாழ 7 விழுக்காடு கூடுதலாக நீராவியைத் தாங்கும். சுமை கூடிய வண்டி கவிழ்ந்தால் கொட்டுவதும் கூடுதலாகத்தானே இருக்கும்? கரிவளி வெப்பத்தைப் பிடித்துவைக்கும் என்பதைத் திண்டல் 1859இலேயே ஆய்ந்தார். நிலக்கரி எரிப்பால் ஞாலம் சூடேறும் என்பதைச் சுவீடன் நாட்டு அரீனியசு 1896இல் கணக்கிட்டார். அவாய்த் தீவு மலையில் 1958இல் அளக்கத் தொடங்கியபோது பத்து இலக்கத்தில் 315 பங்காக இருந்த கரிவளி, 2024இல் 424 பங்கு. அவ்வாண்டு ஞாலத்தின் வெப்பம் தொழிற்புரட்சிக்கு முன்னிருந்ததைவிட 1.5 பாகைக்குமேல் உயர்ந்துவிட்டது. எக்சான் எண்ணெய் நிறுவனத்தின் சொந்த அறிவியலாளரே 1970களின் இறுதியில் இதனைக் கணக்கிட்டு மேலிடத்துக்குச் சொன்னார்கள். நிறுவனமோ பின்னாளில் ஐயத்தை விலைகொடுத்து ஊரெங்கும் பரப்பியது. அவன் விற்ற ஐயத்தை நம்மூர்த் திண்ணையில் இலவயமாக விற்பவர்க்கு அவன் கூலிகூடத் தருவதில்லை.

நம் பக்கத்திலும் ஒரு குறை உண்டு. எல்லாம் நம் முன்னோர் அறிந்தனவே என்று மார்தட்டிவிட்டு, வெப்பமானியைக்கூடத் தொடாதிருக்கும் தமிழன்பர் சிலர் இருக்கின்றனர். முன்னோர் ஏரி வெட்டினர், கலிங்கு கட்டினர், அளந்தனர். அளப்பதை விட்டுவிட்டுப் பெருமையை மட்டும் வைத்துக்கொண்டவர்கள் நாம்.

துரிஞ்சலாற்றில் கீரனூர் அணைக்கட்டில் தொடங்கி ஏரி ஏரியாக நிரப்பிவரும் நந்தன் கால்வாயின் கடைசி ஏரி பனமலை. அக்கால்வாயில் நீர் வாராமல் உழவர்கள் பல்லாண்டு போராடினார்கள். தென்பெண்ணையோடு இணைத்துத் தாருங்கள் என்று கேட்டார்கள். 2024 திசம்பரில் நொடிக்கு 1,68,000 கன அடி நீர் வீடுகளை இடித்துக்கொண்டு கடலுக்குப் போனபோது அவ்விணைப்புத் தாளில்தான் இருந்தது. வறண்ட ஏரியும் வெள்ளத்தில் மூழ்கிய ஊரும் ஒரே மாவட்டத்தில்! வெப்பமாகும் ஞாலத்தில் மழை இனி இப்படித்தான் வரும்: வாராமல் நின்று, வந்தால் ஒருநாளில் கொட்டும். வரத்துக்காலையும் கலிங்கையும் அதற்கேற்பக் கட்ட, ஊர்தோறும் அளவு வேண்டும்.

அந்த அளவு யார் கையில்? இந்திய அரசியல் சட்டத்தின் நடுவணரசுப் பட்டியலில் 68ஆம் இனத்தைப் புரட்டுங்கள். வானிலை ஆய்வு நிறுவனங்கள் அங்கே அடைக்கப்பட்டிருக்கின்றன. மழை தமிழ்நாட்டில் பெய்யும். அதனை ஆயும் துறை தில்லியில் இருக்கும். சென்னையில் 1792இலேயே வானாய்வு நிலையம் அமைந்த மண் இது! மழையளவி நட மாநிலத்துக்குத் தடையில்லை, நட்டும் இருக்கிறார்கள். அதில் பதிவாகும் எண் ஊர்க்காரன் கண்ணில் படுகிறதா என்பதே கேள்வி.

எனவே விழுப்புரம் மாவட்டத்து அன்பர்கட்கு ஒரு பணி. உங்கள் ஊர் ஏரியின் மதகடியில் ஒரு மழையளவியும், அன்றாட அளவை எழுதும் ஒரு கரும்பலகையும் வைக்குமாறு ஊராட்சியில் தீர்மானம் நிறைவேற்றச் செய்யுங்கள். எத்தனை செ.மீ. பெய்தால் கலிங்கு வழியும், எத்தனை பெய்தால் கரைக்கு இடர் என்பதைப் நீர்வளத்துறைப் பொறியாளரிடம் கேட்டு அப்பலகையிலேயே எழுதி வாங்குங்கள். ‘அதி கனமழை’ என்று அறிவிப்பு வந்தால் உடனே மையத்துக்கு எழுதிக் கேளுங்கள்: 21ஆ, 51ஆ? பனமலை ஏரியில் முதற்பலகையை வரும் துலைத் திங்களுக்குள் நட்டுவிட வேண்டும்; நளியில் மழை வந்துவிடும்.