கடைசி வரிசைக்கும் கேட்கட்டும்

சங்கக் கூட்டத்தில் ஜி.எஸ்.டி. விளக்கம் சொல்லும்போது, பின்வரிசைச் சிறு கடைக்காரருக்கு இரைச்சல்தான் கேட்கிறது. பாதியைக் கேட்டுத் தவறாகக் கணக்குத் தாக்கல் செய்தால் அபராதம் கட்டுவது அவர்தான்.

மைக் செட்டுக்காரர் சத்தத்தைக் கூட்டுகிறார், மைக் ஊளையிடுகிறது. கோளாறு ஈக்வலைசரிலும் இருக்கலாம். பாட்டுக்கு ஏற்றி வைத்தபடியே கிடக்கிறது. பேச்சுக்குக் கணக்கு வேறு.

நிறுக்கும் முன் தராசு முள்ளைப் பார்ப்பதுபோல், முதலில் எல்லாக் குமிழையும் பூஜ்யத்தில் நிறுத்த வேண்டும். 125 ஹெர்ட்ஸுக்குக் கீழே இறக்கினால் முழக்கம் அடங்கும். ஊளையிடும் குமிழை மட்டும் 3 டெசிபல், போதாவிட்டால் இன்னும் சிறிது இறக்கலாம். சொல் தெளிவு 2000 முதல் 4000 ஹெர்ட்ஸுக்குள் இருக்கிறது. அதில் அதிகம் கைவைக்கக் கூடாது.

கூட்டத்துக்கு முன் ஒருவர் பேச, ஒருவர் கடைசி வரிசையில் நின்று கேட்டுச் சொல்லட்டும். நிர்வாகிகள் இதை வழக்கமாக்க வேண்டும். சந்தா எல்லா வரிசைக்கும் ஒன்றுதானே!